ஆறு பேர் பார்த்த ஐடி சப்போர்ட் வேலைக்கு மூணு பேர் போதுமா?

வேளிமலை:
டீம்ல பாதிப் பேரைத் தூக்கிட்டாங்கன்னு திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி கம்பெனிகளுக்கு ரயிலேறுற நம்மூர் பிள்ளைகள் புலம்புறதுல பாதிதான் நியாயம். ஃபேஸ்புக் நடத்துற மெட்டாவைப் பாருங்க. 2019 கடைசியில் சுமார் 45,000 பேர், 2022 செப்டம்பரில் 87,000-க்கு மேல. கோவிட் காலத்துல ஆன்லைன்ல சேர்ந்த கூட்டம் அப்படியே நிக்கும்னு ஆளெடுத்தாங்க. 2023 கடைசியில் 67,000 பேர்தான், ஆனா அந்த வருஷ வருமானம் 16% கூடிச்சு.

பேச்சிப்பாறை:
அண்ணாச்சி, மெட்டா தன் சொந்தச் சரக்கை விக்கிற கம்பெனி. ஒரு ப்ராஜெக்டை மூடினா அதோட வேலையும் போயிரும். சப்போர்ட்ல ஆளைக் குறைச்சா டிக்கெட், அதாவது வர்ற புகார், குறையுமா? ஒரு சீட்டுல 24 மணி நேரமும் ஆள் வேணும்னா வாரத்துக்கு 168 மணி. ஆளுக்கு 40 மணின்னா 4.2 பேர். லீவு, டிரெய்னிங்குக்கு 20% கழிச்சா 5.25. ஆறு பேருங்கிறது ஆடம்பரமா? மூணு பேர்னா ஆளுக்கு 56 மணி. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா மத்தவங்களுக்கு 84.

வேளிமலை:
ராத்திரி ஆள் எதுக்கு உட்காரணும்? சிஸ்டத்துல இருந்து தானா வர்ற அலர்ட்ல பெரும்பகுதி ‘டிஸ்க் 80% நிறைஞ்சிருச்சு’ மாதிரி குப்பை. பழைய லாக் ஃபைல் தானா அழியுற மாதிரி வச்சு, மிச்சத்தை வீட்டுல இருந்தே முறைவச்சு எடுக்கிற ஆன்-கால் போனுக்கு விட்டா நாலு பேர் தாராளம்.

குழித்துறை:
போனை எடுப்பது யார் என்பதுதான் கேள்வி. சம்பளம் பார்த்து வெட்டும்போது முதலில் போவது சீனியர். மாத இறுதியில் பில் போடும் தானியங்கி ஜாப் நாலாவது படியில் நின்றால் அங்கிருந்துதான் தொடர வேண்டும். முதல் படியிலிருந்து ஓட்டினால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போகும். ஆனால் ரன்புக் என்னும் வழிமுறைக் குறிப்பில் ‘ஜாபை மறுபடி ஓட்டவும்’ என்று ஒற்றை வரி இருக்கும். மாற்று ஆள் எடுத்தாலும் அவருக்குப் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ், அதன் பிறகுதான் கேடி என்னும் வேலையைக் கற்றுக்கொடுக்கும் கட்டம்.

பேச்சிப்பாறை:
அதோட பெஞ்சும், அதாவது ப்ராஜெக்ட் இல்லாம கையிருப்புல இருக்கிற ஆளும், போச்சு. டிசிஎஸ் 2025 ஜூன்ல வருஷத்துக்கு கிளையன்ட்கிட்ட காசு வாங்குற பில்லிங் நாள் 225 வேணும், பெஞ்ச் 35 நாளுக்கு மேல கூடாதுன்னு விதி போட்டது. அடுத்த மாசமே 2% ஆட்குறைப்பு, 12,000 பேருக்கு மேல. எளிய வரிசைக் கணக்குப்படி வேலைப்பளு 85%-லிருந்து 95% ஆனா டிக்கெட் காத்திருக்கிற நேரம் மூணு மடங்கைத் தாண்டும்.

வேளிமலை:
பெஞ்சுக்கு எந்த கிளையன்ட் காசு தருவான்? மூணு பேருக்கு நான் வக்காலத்து வாங்கல. அவசரமில்லாத பி3 டிக்கெட்டை ராத்திரி தொடமாட்டோம்னு, கிளையன்ட்டோட போட்ட சேவை ஒப்பந்தமான எஸ்எல்ஏ-வை மாத்தி எழுதிட்டு ஆளைக் குறைக்கட்டும்.

குழித்துறை:
மாற்றினால் கிளையன்ட் ரேட்டையும் குறைக்கச் சொல்வான். அதனால்தான் எஸ்எல்ஏ-வில் யாரும் கை வைப்பதில்லை, ஷிஃப்ட் ஆள் பட்டியலான ரோஸ்டரில் வைக்கிறார்கள்.