காரிடாரை ஒட்டிய ‘மிக்ஸ்டு யூஸ் ஸோன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ந. எழுதியது:

அன்புள்ள நண்பர்களுக்கு,

நகரத் திட்ட வரைவு ஒன்றின் தமிழ்ச் சுருக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். ஆட்சேபனை கேட்டுப் பொதுமக்களுக்குப் போகும் பகுதி அது. பேருந்தோ ரயிலோ ஓடும் பெருஞ்சாலை. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், அதாவது 500 முதல் 800 மீட்டர் வரை, இருபுறமும் உள்ள நிலம். அங்கே கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே வீடு என்று ஒரே கட்டடத்தில் வரலாம். தளப்பரப்புக் குறியீட்டையும், அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவையும், கூட்டித் தருகிறார்கள். ‘கலப்புப் பயன்பாட்டு மண்டலம்’, ‘வழித்தடம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் நிறைவில்லை. பக்கத்து மனையில் என்ன வரலாம் என்பது படிப்பவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

இ. எழுதியது:

‘கலப்பு’ வேண்டாம், கலப்படத்தின் வாடை வீசுகிறது. இலக்கணத்தில் கலத்தலைக் குறிக்கும் ‘மயக்கம்’ இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்? மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணைமயக்கம். திணை, அதாவது நிலத்துக்குரிய ஒழுக்கம், மயங்கலாம்; நிலம் மயங்காது என்பது தொல்காப்பியத்தின் நுட்பம். இங்கும் அதேதான். மனை அதே மனை. அதன்மேல் நடக்கும் தொழில்களே மயங்குகின்றன. ஆகவே ‘பயன்மயக்க நிலம்’.

காரிடாருக்கு ‘இடைகழி’, வாசலிலிருந்து வீட்டுக்குள் போகும் நடை. அதுதான் பேச்சில் திரிந்து ‘ரேழி’ ஆயிற்று. காரிடாரின் வேர் லத்தீனில் ஓடுதலைக் குறிக்கும் வினை. நம் ‘கழிதல்’ கடந்துபோதல். இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே நாளங்காடி இருந்தது என்று சிலம்பு சொல்கிறது. இரு குடியிருப்புகளுக்கு இடையில் வணிகம் நடந்த அந்த நிலமே ஓர் இடைகழிதான்.

செ. எழுதியது:

ஐயா, இன்று ‘மயக்கம்’ என்றால் தலைசுற்றல்தான் நினைவுக்கு வரும். அறிவிப்பைப் படிப்பவர் உரையாசிரியரைத் துணைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். ‘பல்பொருள் அங்காடி’ நிலைத்துவிட்டது. அதே அச்சில் ‘பல்பயன் மண்டலம்’ என்று வைக்கலாமே?

வ. எழுதியது:

மண்டலம் ஏன்? இலங்கையில் ‘கல்வி வலயம்’ அன்றாடச் சொல். ‘வலயம்’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அப்புறம், டெவலப்மென்ட்டுக்கு நாங்கள் ‘அபிவிருத்தி’ என்போம். அதை நான் வற்புறுத்தவில்லை.

இ. எழுதியது:

மண்டலம், வலயம் இரண்டுமே வட்டம். கிரேக்கத்தில் ‘ஸோன்’ என்றால் இடுப்புக் கச்சை. நீளமாகக் கிடக்கும் நிலத்தை வட்டம் என்பது எப்படிப் பொருந்தும்? வலயமே நம் வளையத்திலிருந்து வடமொழிக்குப் போனது என்று வாதிடுவோரும் உண்டு. அதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

ந. எழுதியது:

இ. ஐயா, கச்சை என்றதும் ‘பட்டை’ நினைவுக்கு வந்தது. நன்றி. ‘வழித்தடம்’ என்று மட்டும் போட்டால் பேருந்து போகும் பாதை என்றே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் தெருவும் அதற்குள் வருகிறது என்பது தெரிவதில்லை. ‘வழித்தடப் பட்டை’ என்றால் அகலமும் சேர்ந்து தெரிகிறது. இடைகழி அழகான சொல், ஆனால் அது கடந்துபோகும் இடம். இங்கே ஆட்கள் குடியிருக்கப் போகிறார்கள்.

செ., ‘பல்பயன்’ எனக்கு இடிக்கிறது. வீடுகள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டாலும் அது பல்பயன்தான். நியூயார்க் 1916-இல் நகரம் முழுமைக்கும் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. இப்படிப் பிரிப்பது செல்லும் என்று யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு வேலைக்காக ஆட்கள் வந்துபோனால்தான் தெரு உயிரோடு இருக்கும் என்று 1961-இல் நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் மறுத்து எழுதினார். அந்தக் கலத்தல்தான் இங்கே கருத்து. அதைச் சொல்லாத சொல் எனக்குப் பயன்படாது. ‘கலந்துரையாடல்’, ‘கலப்பு மணம்’ இவற்றில் கலப்பட வாடை இல்லையே?

செ. எழுதியது:

சரி, கலப்புக்கே என் வாக்கும். டெவலப்மென்ட்டுக்கு வழக்கமாகப் போடும் ‘மேம்பாடு’ மட்டும் வேண்டாம். திட்டச் சட்டங்களில் டெவலப்மென்ட் என்பதற்குள் கட்டுவதும் வரும், வீட்டைக் கிடங்காக மாற்றுவதும் வரும். அதை மேம்பாடு என்றால், ஆட்சேபிக்க வருபவர் முன்னேற்றத்துக்கு எதிரி ஆகிவிடுகிறார்.

ந. எழுதியது:

மிகச் சரியான கவலை. ‘கட்டுதல் அல்லது பயன்பாட்டை மாற்றுதல்’ என்று விரித்தே எழுதிவிடுகிறேன். நீளம்தான், பரவாயில்லை. தலைப்பில் ‘வழித்தடப் பட்டையில் கலப்புப் பயன்பாடு’ போகிறது. ‘மண்டலம்’ என்ற சொல் சுருக்கத்தின் உள்ளே இருக்கட்டும்; வ. மன்னிக்க வேண்டும்.

இ. எழுதியது:

வெள்ளிக்கிழமைக்கு இது போதும். கலைச்சொல் பட்டியலில் ‘பயன்மயக்கம்’ என்பதையும் அருகே குறித்து வையுங்கள், நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்று: மாடிக்கு மாடி கலப்பதற்கும் மனைக்கு மனை கலப்பதற்கும் உங்கள் சுருக்கத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது. முன்னதை ‘அடுக்குக் கலப்பு’ என்றாவது பிரித்துக் காட்டுங்கள்.