ரிப்பீட் செய்த பாடத்தை விண்ணப்பத்தில் போட வேண்டுமா?

கல்லடிப் பிள்ளை:
வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பி.எஸ்சி. முடித்துவிட்டு அமெரிக்கா போனேன். அங்கே பிசியோதெரபி டொக்டர் படிப்புக்குத் தேவையான முன்பாடங்களை ஒரு கொலிஜில் எடுத்தேன். அனாட்டமியில் முதல் தடவை டி தரம். அங்கேயே திரும்பச் செய்து ஏ எடுத்தேன். கொலிஜ் தன் ஜி.பி.ஏ. (தரப் புள்ளிச் சராசரி) கணக்கிலிருந்து டியைத் தூக்கிவிட்டது. இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்து பி.ரி.காஸ் விண்ணப்பம் நிரப்புகிறேன். பல பல்கலைக்கழகங்களின் பிசியோதெரபி படிப்புக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையச் சேவை அது. "ஏ.எல். பரீட்சை மூன்று தரம் எழுதினாலும் அந்தந்த வருட ரிசல்ட்டைத்தானே கெம்பஸுக்குப் பார்க்கிறார்கள், பழையதை ஏன் போடுகிறாய்?" என்கிறார் அப்பா. விடலாமா? இரவில் நித்திரை வருவதில்லை.

சம்மாந்துறைத் தம்பி:
கொலிஜே கணக்கில் எடுக்காததை ஏன் அக்கா போட வேண்டும்? ஏயை மட்டும் போடுங்கள்.

களுவாஞ்சிகுடி அக்கா:
வேண்டாம் தம்பி, அது ஆபத்து. நானும் இதே வழியாகப் போனவள். ஏ.எல். கணக்கு அங்கே சரிவராது தங்கச்சி. டி கணக்கில் சேராவிட்டாலும் ரான்ஸ்கிரிப்டில், அதாவது கொலிஜ் தரும் பெறுபேற்றுப் பட்டியலில், அப்படியே இருக்கும். பி.ரி.காஸில் சரிபார்ப்பவர்கள் நீங்கள் எழுதியதை அதோடு ஒப்பிடுவார்கள். ஒரு பாடம் விடுபட்டாலே விண்ணப்பம் திரும்பி வரலாம். திருத்தி அனுப்புவதற்குள் கடைசித் திகதி போய்விடலாம்.

இரண்டையும் அந்தந்தத் தவணைக்குக் கீழே போடுங்கள். ஒரே கொலிஜ் என்பதால் இரண்டுக்கும் ரிப்பீட் குறி வேண்டும். இடையில் விலகி டபிள்யூ வாங்கிய பாடம் இருந்தால் அதையும் எழுத வேண்டும், ஆனால் அது ரிப்பீட் ஆகாது.

இனி ஜி.பி.ஏ. பி.ரி.காஸ் இரண்டு தரத்தையும் சேர்க்கும். பாடம் 4 கிரெடிட் என்றால், டிக்கு ஒரு கிரெடிட்டுக்கு 1 வீதம் 4 புள்ளி, ஏக்கு 4 வீதம் 16. கூட்டி 8 கிரெடிட்டால் பிரித்தால் 2.5. கொலிஜ் 4.0 என்று காட்டிய அதே பாடம்தான்! பார்த்து மனம் உடைய வேண்டாம். முன்பாடப் பகுதியில் ஏ எடுத்த தடவையை இணைக்கலாம். பல பல்கலைக்கழகங்கள் முன்பாட ஜி.பி.ஏ.யைத் தாங்களே கணக்கிட்டு, கூடிய தரத்தையோ கடைசித் தரத்தையோ எடுக்கும். சில இடங்களில் சராசரி. ஒவ்வொன்றின் விதியையும் வாசித்த பிறகு எங்கே போடுவது என்று முடிவெடுங்கள்.

கல்லடிப் பிள்ளை:
நன்றி அக்கா, அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வந்தாறுமூலையில் கெமிஸ்ட்ரியும் ரிப்பீட் செய்து சி எடுத்தேன். அது?

களுவாஞ்சிகுடி அக்கா:
கெம்பஸின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். ரான்ஸ்கிரிப்டைப் பாடவாரியாக மதிப்பிட்டுத் தரும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டிவரும். எந்த மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று நீங்கள் போடும் பல்கலைக்கழகங்களிடம் முதலில் கேளுங்கள். நம் நாட்டில் ரிப்பீட்டுக்குப் பெரும்பாலும் சிக்கு மேல் தரமாட்டார்கள். அங்குள்ளவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சும்மா சி எடுத்த பிள்ளை என்றே நினைப்பார்கள். உங்கள் பீடத்திலும் அந்த விதி இருந்தால், ஊரில் நிற்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கடிதமாக எழுதி வாங்கிவிடுங்கள். அங்கிருந்து கேட்டு எடுப்பது பெரும் பாடு.