மெடிக்கல் ஸ்டாஃப் பைலாஸ் பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம், அமெரிக்காவுல ஆஸ்பத்திரி நிர்வாகம் பக்கம் இருக்கறவங்க கிட்ட ஒரு சந்தேகம். எங்க ஹெல்த் சிஸ்டம்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, சுத்தி சில சின்னது, ஒவ்வொண்ணுக்கும் தனி மெடிக்கல் ஸ்டாஃப் (அங்க வேலை பாக்கற டாக்டருங்களோட அமைப்பு), தனி பைலாஸ் (அந்த அமைப்போட விதிமுறைகள்), தனி எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி. இப்ப எல்லாத்தையும் ஒண்ணாக்கணும்னு மேல பேச்சு அடிபடுது. சிஎம்எஸ்ஸோட (மெடிகேர் இன்சூரன்ஸ நடத்துற அமெரிக்க அரசு அமைப்பு) 2014 ரூல் அதுக்கு இடம் குடுக்குது, ஆனா போர்டு நினைச்சா மட்டும் போதாது, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் அங்க பிரிவிலெஜ் (இன்னின்ன சிகிச்சை பண்ணலாம்ங்கற அனுமதி) உள்ள, ஓட்டுரிமை இருக்கற டாக்டருங்க மெஜாரிட்டியா ஒத்துக்கணும், அப்புறம் பிடிக்கலன்னா ஓட்டு போட்டு விலகவும் செய்யலாம், இது வரைக்கும் ஓகே.

குழப்பம் எங்கன்னா, சின்ன ஆஸ்பத்திரியோட தேவைகளையும் கணக்குல எடுக்கணும்னு அதே ரூல் சொல்லுதே, அத பைலாஸ்ல எப்படி எழுதுறாங்க? கமிட்டியில அவங்களுக்கு நிரந்தர சீட் உண்டா, இல்ல தலைய எண்ணினா பெரியவங்களே ஜெயிச்சிடுவாங்களா (அதான் நடக்கும்னு எனக்கு தோணுது)? கிரெடென்ஷியலிங் (டாக்டரோட படிப்பு, லைசென்ஸ் எல்லாம் சரிபாக்கறது) ஒரே ஃபைல்ல முடியும், சரி. பிரிவிலெஜ் அப்படி இல்லயே, ஐசியூ இல்லாத இடத்துல பெரிய சர்ஜரிக்கு அனுமதி குடுத்து என்ன பண்ண? பியர் ரிவ்யூவ (ஒரு டாக்டர் குடுத்த சிகிச்சைய சக டாக்டருங்க ஆராயறது) அந்தந்த ஊர்லயே வச்சிருக்கீங்களா?

இத நேர்ல பாத்தவங்க, முக்கியமா ஒண்ணாகி அப்புறம் விலகினவங்க இருந்தா கண்டிப்பா கமெண்ட் பண்ணுங்க.