பால்வெட்டு டயரி எழுதி ஒரு வருடம் ஆச்சு: இனி எதை எழுத, எதை விட?

அருமனைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அருமனை பக்கம், கேரள எல்லையை ஒட்டி எங்கள் ரப்பர். அப்பா வைத்த ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரப்பர் ரகம். அதோடு பக்கத்துப் பறம்பிலும் (தோட்டத்திலும்) கூலிக்கு வெட்டுகிறேன். போன வருடம் இலை உதிர்ந்து, தளிர் முற்றி, மறுபடி கத்தி வைத்த அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். இப்போது மரம் மறுபடி இலை உதிர்த்து ஓய்வில் நிற்கிறது. எனக்கும் காலையில் வேலை இல்லாததால் நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

வரவு செலவு நோட்டு வீட்டில் முன்பே உண்டு. எத்தனை ஷீட் (பாலை உறையவைத்து அடிக்கும் ரப்பர் தகடு), ஒட்டுப்பால் (பால் எடுத்த பிறகு சொட்டி உறைவது) எவ்வளவு, கோட்டயம் விலை என்ன, எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்தால் ஒரு மாதம் எப்படிப் போனது என்று தெரியும், ஏன் அப்படிப் போனது என்று தெரியாது. அதனால் இதில் கத்தி வைத்த நேரம், வெட்டி முடித்த நேரம், மழை எப்போது வந்தது, பால் எடுத்த பிறகும் எந்த வரிசை சொட்டியது, வெட்டாத நாளில் ஏன் வெட்டவில்லை என்றெல்லாம் எழுதினேன்.

வெறுமனே 'மழை' என்று எழுதியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை விடியற்காலையிலேயே பிடித்துக்கொள்ளும், வெட்டே நின்றுவிடும். மழைக்காக மரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தாலும் பட்டை நனைந்து கிடந்தால் நான் கத்தி வைப்பதில்லை. ஐப்பசி மழை பெரும்பாலும் உச்சிக்குப் பிறகு இடியோடு வருகிறது. அதற்குள் பால் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த பிறகு சொட்டுவது சிரட்டையில் தண்ணீரோடு போய்விடும். ஐப்பசியில் ஒட்டுப்பால் குறைந்ததற்குக் காரணம் அதுதான் என்று நோட்டைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

கேட்க வந்த விஷயம் இதுதான். கார்த்திகையில் ஒருநாள் கிணற்றடி வரிசையில் ஒரு மூட்டில் (மரத்தில்) கத்தி இழுத்தால், வெட்டின் மேல்முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பால் ஊறவே இல்லை. அதற்குக் கீழே பொட்டுப் பொட்டாக வந்து நின்றது. கீழ்முனையில் மட்டும் ஒழுங்காக ஓடியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்பட்டை பழுப்பு. பட்டை மரப்பு, அதாவது பட்டை காய்ந்து பால் நின்றுபோகும் கோளாறு. அன்றே அதை நிறுத்திவிட்டேன். இப்போது பின்னால் புரட்டிப் பார்க்கிறேன்: அதே மூட்டைப் பற்றி ஐப்பசி முழுக்க 'உச்சி தாண்டியும் சொட்டுகிறது, பால் தண்ணி' என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். அப்படிச் சொட்டும் மூட்டை எங்கள் பக்கம் நல்ல மூடு என்றுதான் சொல்வார்கள்.

மரப்பு வருவதற்கு முன் இந்த மாதிரி சொட்டுவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்களா? விடியலில் வேலையை நிறுத்தாமல் இதைக் குறித்துவைக்க ஏதாவது வழி உண்டா?

குலசேகரம் பழைய வெட்டுக்காரர்:
தம்பி, சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். நேரம் கடந்து சொட்டுவதும் பால் தண்ணியாவதும் சேர்ந்து வந்தால் அந்த மரம் தாங்கவில்லை என்று அர்த்தம். 105 நிறையக் கொடுக்கும், அதே அளவுக்கு மரப்பும் அதற்குச் சீக்கிரம் வரும். ஒன்றுவிட்ட நாள் வெட்டுகிறாயா? அதை விடு. ரப்பர் வாரியமே 105-க்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டத்தான் சொல்கிறது. வருமானம் போய்விடும் என்று பயப்படாதே. பறம்பை மூன்று துண்டாகப் பிரித்தால் தினமும் ஒரு துண்டு வெட்டலாம், ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு நாள் ஓய்வு. பட்டையும் மெதுவாகத்தான் தேயும்.

பால் வரவில்லையே என்று கத்தியை ஆழமாக மட்டும் இறக்காதே. தண்ணீர்ப்பட்டைக்கு (கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய படலத்துக்கு) வெளியே ஒரு மில்லிமீட்டர் கட்டாயம் நிற்க வேண்டும்.

நோட்டில் இன்னும் ஒன்று சேர். மாதத்தின் முதல் வெட்டு அன்று வரிசைக்கு ஒரு மூட்டில், வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு பொட்டு வை. அடுத்த பொட்டுக்கு எத்தனை செண்டிமீட்டர் என்று அளந்து எழுது. 125 செண்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிய பட்டை எத்தனை வருடத்துக்கு வரும் என்று உனக்கே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் வரிசைவாரியாக மரம் நட்ட வருடம், வெட்டுகிற பக்கம் எல்லாம் எழுதி வைத்திருந்தோம். 2017 நவம்பர் 30-ல் ஓக்கி புயல் வந்து தோட்டமே சாய்ந்து கிடந்தபோது, எந்த இடத்தில் என்ன வயது மரம் நின்றது என்று அந்தப் பழைய நோட்டைப் பார்த்துத்தான் சொன்னோம்.

வெள்ளறடை அக்கா:
தம்பி, எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் வீட்டில் அவர் வெட்டுவார், ஷீட் அடிப்பது நான். வெட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாதது ஷீட் அடிக்கிறவர் கைக்குத் தெரியும். ஒரே அளவு பால் ஊற்றினாலும் ஒருநாள் ஷீட் கனமாக வரும், ஒருநாள் மெலிந்து வரும். நான் வாளியில் மெட்ரோலாக் (பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மிதவைக் கருவி) போட்டு வரும் அளவை எழுதுவேன். சந்தேகப்படுகிற வரிசையின் பாலை மட்டும் தனி வாளியில் எடுத்து ஒருமுறை பார். மழைத்தண்ணீர் கலந்தாலும் பால் இளகும். அதனால் நீ எழுதுகிற மழை நேரத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அப்புறம், விலையை இந்த நோட்டில் எழுதாதே, தயவுசெய்து. 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது தளிர் முற்றாத மரத்திலும் கத்தி வைத்தவர்களை நான் பார்த்தேன். விலை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

கம்பம்மெட்டு ஏலத்தோட்டம்:
ரப்பர் தெரியாது, ஆனால் குறிப்பது பற்றிச் சொல்கிறேன். நாங்கள் சந்தேகமான ஏலச்செடியில் கலர் பிளாஸ்டிக் நாடா கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். சாயங்காலம் நாடா கட்டின செடியை மட்டும் பார்த்து நோட்டில் ஏற்றுவோம். அழுகல் எந்த மூலையில் ஆரம்பிக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. இப்போது மழை பிடிக்கும் முன் போர்டோ கலவை (பூஞ்சை மருந்து) அந்த மூலைக்குத்தான் முதலில் போகிறது.

அருமனைக்காரன்:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் ரப்பரை இரண்டு துண்டாக்கி, பக்கத்துப் பறம்பை மூன்றாவதாக வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. அந்த வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டிப் பேசினேன், ஒத்துக்கொண்டார். உச்சிக்கு ஒரு நடை போய், இன்னும் சொட்டுகிற மூட்டுக்கு நீல நாடா. பெயிண்ட் பொட்டும் உண்டு. விலைக்கு இதில் இனி இடமில்லை அக்கா. வெட்டி முடித்த நேரத்தையும் விடுகிறேன், அதனால் எதுவும் தெரியவில்லை.

பெரியவரே, அந்தக் கிணற்றடி மூட்டை எப்போது மறுபடி பார்க்கலாம்?

குலசேகரம் பழைய வெட்டுக்காரர்:
இந்தத் தளிர் முற்றியதும் மற்ற மரத்துக்குக் கத்தி வை, அதை விட்டுவிடு. மழைக்காலம் தாண்டட்டும். அப்புறம் வெட்டுக்குக் கீழே ஊசியால் இடைவெளி விட்டுக் குத்திப் பார். பால் பொட்டு வருகிற இடம், வராத இடம் இரண்டுக்கும் நடுவில் சாக்பீஸால் கோடு போடு. அதே படத்தை நோட்டிலும் தேதியோடு வரைந்துவை. அடுத்த முறை குத்தும்போது கோடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கே எழுது.