கழுத்துல துண்டு சுத்திட்டு வந்த அக்கா – உங்க பக்கம் இப்படி எதுவும் பாத்திருக்கீங்களா?

பாம்பன் காத்து

கடல் பாசி எடுக்கப் போற அக்கா, எங்க தெருதான். மாமா விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. மீன்பிடித் தடைக்காலம் எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் சொல்ல வேணாம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் படகு கரையில, ஆம்பளைக வீட்டுல, கையில காசு இருக்காது ஆனா சரக்குக்கு மட்டும் எப்படியோ வந்துரும், எல்லாம் அக்காவோட பாசிக் காசுதான். அவரு அக்காவ விட்டு நகர மாட்டாரு. அது தீவுப் பக்கம் போனா இவரு கரையில உக்காந்து வத்தையில, அதான் சின்னப் படகுல, யார் யார் ஏறுறாகன்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. ஊரே "பொண்டாட்டின்னா உசுரு அவனுக்கு"ன்னு பேசும்.

மனச விட்டுப் போகாதது இதுதான். மே மாச வெயில்ல அக்கா கழுத்துல துண்டச் சுத்திட்டு டீக்கடைக்கு வந்துச்சு. தொண்ட கட்டிப்போயி பேச்சே வரல. டீய ஒரு வாய் வச்சுட்டு முழுங்க முடியாம கண்ணுல தண்ணி முட்டுது. கடைக்கார அக்கா துண்ட விலக்கிப் பாத்தா ரெண்டு பக்கமும் விரல் தடம், கண்ணு வெள்ளையில ரத்தப் புள்ளி. "போதையில பண்ணிட்டாக, காலையில கால்ல விழுந்து அழுதாக"ன்னு சொல்லுச்சு.

அப்புறம் புள்ளையத் தூக்கிக்கிட்டு சாயல்குடி பக்கம் ஆத்தா வீட்டுக்குப் போயிருச்சு. அப்பாடான்னு இருந்தோம். புள்ளையப் பாக்கணும்னு இவரும் கெளம்பிப் போனாரு. அன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கலன்னு கூடப் போன ஆளே சொல்றாரு. அங்க வச்சு கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாரு. பிரிஞ்சு போயிட்டா தப்பிச்சுரலாம்னுதான எல்லாரும் நெனைக்கிறோம், அப்புறம் எப்படி இது நடக்குது? யாராச்சும் தெரிஞ்சா எழுதுங்க.

கீழக்கரை மரைக்கா

சுத்தி வளைக்க வேணாம் தம்பி, சரக்குதான் காரணம். எங்க லாத்தா (அக்கா) வீட்டு மச்சான் சவுதியில இருந்து வந்த புதுசுல தங்கமான மனுசன். இங்க வந்து கூட்டாளிகளோட சேந்து பழகி ஒரே வருசத்துல ஆளே மாறிட்டாரு. ஒரு நாள் ராத்திரி வீட்ட உள்ள பூட்டி சாவிய கெணத்துல எறிஞ்சுட்டு, கேஸ தொறந்து விட்டுட்டு, "நீ உம்மா வீட்டுக்குப் போனா நான் இருந்து என்ன, ரெண்டு பேரும் இங்கயே முடிஞ்சுருவோம்"னு லாத்தா கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. பக்கத்து வீட்டுக்கு வாடை போயி, ஜன்னல் கம்பிய ஒடச்சுத்தான் வெளிய எடுத்தாக. 2003ல டாஸ்மாக்கே சில்லறை விக்க வந்ததுல இருந்துதான் இந்தக் கேடு எல்லாம். கடைய மூடுனா பாதிக் கொலை நின்னு போகும்.

தொண்டி பையன்

எங்க செட்டுல சரக்கு இல்லண்ணே, மாத்திரையும் கஞ்சாவும். கூடப் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தன், ராமநாதபுரத்துல ஜவுளிக்கடையில வேல பாத்த ஒரு பொண்ண லவ் பண்ணான். மொதல்ல லைவ் லொகேஷன் போடச் சொன்னான், அப்புறம் வாட்ஸ்அப் பாஸ்வேர்ட், அப்புறம் கடையில கூட வேல பாக்குற பசங்களோட பேசக் கூடாது. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னதும் கையக் கிழிச்சு ரத்தத்தோட போட்டோ அனுப்புனான், எங்க எல்லாருக்கும் ஃபார்வர்ட் வேற. நாங்க பாவம்டா லவ் ஃபெயிலியர்னு பேசிக்கிட்டு இருந்தோம். தேவிபட்டினம் ஸ்டாப்புல அவ இறங்குற பஸ்ஸுக்காக சாயங்காலம் முழுக்க நின்னான், ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எட்டிப் பாத்து இறங்குறான், நானும் பக்கத்துல நின்னேன். சட்டைக்குள்ள கத்தி இருந்தது எனக்குத் தெரியாது. அவ இறங்குனதும் இவன் நடந்த வேகம் இருக்கே... கடைக்காரவங்க மடக்கிப் புடிச்சதுல கையில வெட்டோட தப்பிச்சா. இப்பவும் ஜெயில்ல இருந்து அம்மாகிட்ட அவளப் பத்தித்தான் கேக்குறான். அவளுக்கு எப்படியிருக்குன்னு இல்ல, யாரையாச்சும் கட்டிட்டாளான்னு.

உச்சிப்புளிக்காரி

மரைக்கா அண்ணே, உங்க லாத்தா பொழச்சது சந்தோசம். ஆனா கடைய மூடுனா நின்னுரும்னு சொல்றத என்னால ஒத்துக்க முடியல. என் வீட்டுக்காரரு சென்டர்ல சேந்து குடிய விட்டவரு. விட்ட பொறகுதான் எனக்கு ரொம்ப பயமாப் போச்சு. முன்னாடியாச்சும் அடிச்சுட்டுத் தூங்கிருவாரு. அப்புறம் முழுசாத் தெளிவா இருந்துக்கிட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்னு செல்போன்ல டைம் வச்சுப் பாப்பாரு. மீன் அறுக்குற அருவாமனைய கழுவித் தொடச்சு கட்டில் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுப்பாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. குடிக்கிற ஆம்பளைக எங்க தெரு பூரா இருக்காக, அத்தன பேருமா கொல்லுறாக?

நான் பாதுகாப்பு அலுவலர்கிட்ட போயி, 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மனு போட்டு, கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு வாங்கித்தான் வெளிய வந்தேன். இப்ப இருக்குற ஊரச் சொல்ல மாட்டேன்.

ஜிஎச் சிஸ்டர்

பாம்பன் தம்பி, நீங்க கேட்டதுக்குத்தான் வர்றேன். வார்டுல இது மாதிரி பொம்பளைங்கள நெறைய பாக்குறோம், பாதிப் பேரு வழுக்கி விழுந்துட்டேன்னுதான் சொல்லுவாங்க, ஒரு அம்மா அப்படிச் சொல்லிக்கிட்டே பக்கத்துல நின்ன புருசனோட முகத்தப் பாத்துச்சு பாருங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த அக்காவுக்கு இருந்தது எல்லாம் கழுத்த நெரிச்சதுக்கு உண்டான அடையாளம்: குரல் கம்முறது, முழுங்க முடியாம போறது, கண்ணுல ரத்தப் புள்ளி. பல பேருக்கு வெளிய ஒரு தடமும் இருக்காது, ஆனா உள்ள ரத்தக்குழாய் பாதிச்சு நாள் கழிச்சுக்கூட ஸ்ட்ரோக் வரலாம், அதனால கண்டிப்பா ஆஸ்பத்திரிக்கு வரணும், "கழுத்த நெரிச்சாரு"ன்னு வாயத் தொறந்து சொல்லி எழுத வைக்கணும். 2008ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல, முன்ன ஒரு தடவை கழுத்த நெரிச்சவன் கையில பின்னாடி அந்தப் பொண்ணு கொலையாகுற வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேலன்னு சொல்லியிருக்காங்க. பிரிஞ்சு போற நேரத்துலதான் ஆபத்து ஜாஸ்திங்கிறதும் அந்த ஊர் ஆய்வுகள்ல வந்ததுதான். தன் கைய விட்டுப் போகுதுன்னு தெரியுறப்பதான் அவன் கடைசி வரைக்கும் போறான். அதனால போறதுன்னு முடிவு பண்ணா முன்கூட்டிச் சொல்லிட்டுப் போகக் கூடாது, அவனுக்குத் தெரிஞ்ச வீட்டுக்குப் போகாம இருந்தா நல்லது, புள்ளையப் பாக்க வர்றேன்னா கோர்ட்லயோ ஸ்டேஷன்லயோ வச்சுத்தான். பெண்கள் உதவி நம்பர் 181க்கு எந்த நேரமும் அடிக்கலாம், உசுருக்கு ஆபத்துன்னா 112.

மரைக்கா அண்ணன் சொல்றதுலயும் உண்மை இருக்கு. ரொம்ப நாளா குடிக்கிறவங்கள்ல சில பேருக்கு பொண்டாட்டி மேல சந்தேகம் ஒரு நோயாவே முத்தும், அதுக்கு மனநல டாக்டர் வேணும். இன்னொண்ணு, சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற குடி நிறுத்துற மாத்திரைய தயவு செஞ்சு யாரும் குடுக்காதீங்க, அத சாப்பிட்டுட்டு அவரு குடிச்சா உசுருக்கே ஆபத்து, தெரிஞ்சுருச்சுன்னா உங்க உசுருக்கு. தினமும் குடிச்சவரு திடீர்னு நிறுத்துனாலும் வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், அப்ப பூட்டி வைக்காம ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வரணும். 14446 போதை மீட்புக்கு இலவச நம்பர். சிலபேரு மனநலம் பாதிச்சவங்கள ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்துர்றாங்க. 2001ல அங்க ஒரு காப்பகத்துல சங்கிலியில கெடந்த 28 பேர் தீயில செத்தது நம்ம மாவட்டத்துல நடந்ததுதான். துவா செய்யுங்க, வேண்டுங்க, வைத்தியமும் பாருங்க.

தொண்டி தம்பிக்கு: வேணாம்னு சொன்ன பொண்ணு பின்னாடி சுத்துறது பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டம் 78வது பிரிவுல குத்தம், கத்தி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

கீழக்கரை மரைக்கா

அப்ப கடைய மூட வேணாம்ங்கிறீங்களா எல்லாரும்?

உச்சிப்புளிக்காரி

மூடட்டும் அண்ணே, நானும் கையெழுத்துப் போடுறேன். மூடுன மறுநாள் என்னைய மாதிரி ஒருத்தி வந்து நின்னா, "அதான் இப்ப குடிக்கலேல்ல, போயி அனுசரிச்சு வாழு"ன்னு திருப்பி அனுப்பிராதீங்க. எங்க வீட்டுப் பெரியவுக அப்படித்தான் அனுப்புனாக. சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன், பாதுகாப்பு உத்தரவ மீறுனா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், 20,000 வரைக்கும் அபராதம். அந்தப் பேப்பர எப்பவும் கைப்பையில வச்சிருங்க, செல்போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. அவரு வந்து நின்னப்ப போலீஸ்காரரு மொதல்ல கேட்டது அதத்தான்.

ஜிஎச் சிஸ்டர்

பாம்பன் தம்பி, மே மாசத்துல கழுத்துல இருந்த தடத்தப் பாத்தவங்க போலீஸ்ல சொல்லியிருக்காங்களா? ஏதோ அன்னைக்கு ஆத்திரத்துல நடந்துருச்சுன்னு அவங்க பக்கம் வாதாடுவாங்க, அதுக்குக் கேக்குறேன்.

பாம்பன் காத்து

நேத்து கடைக்கார அக்காகிட்ட கேட்டேன் சிஸ்டர். இதுவரைக்கும் யாரும் வந்து விசாரிக்கலையாம். வத்தை ஓட்டுற அண்ணனும் பாத்திருக்காரு. ரெண்டு பேரும் சாட்சி சொல்ல வர்றாகளாம், திங்கக்கெழம அக்காவோட தம்பிகூட ஸ்டேஷனுக்குப் போறோம். புள்ள ஆத்தாகிட்டதான் இருக்கு.