மியாவாடியிலிருந்து மீண்டவர்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ரங்கூன் சகோதரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தாய்லாந்து எல்லையில் உள்ள மியான்மர் ஊரான மியாவாடியின் ஆன்லைன் மோசடிக் கூடங்களிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளுக்குச் சபை என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் ஊர் திரும்பப் பேப்பருக்காகக் காத்திருக்கிறான், பர்மிய பாஷை தெரியாது, கூடப் பேச ஆள் வேண்டும் என்று எங்கள் சபைக்குப் போன் வந்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு என்பதால் போதகர் ஐயா எங்களை அனுப்பினார்.

பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இதே வேலையின் பெயரைச் சொல்லி எச்சரித்தது. அது அவன் ஊர் வரை போய்ச் சேரவில்லை. பாங்காக்கில் இறக்கி, காரில் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வரை கொண்டுபோய், ராத்திரியில் எல்லையில் ஓடும் மோய் ஆற்றைத் தாண்டி மியாவாடிப் பக்கம் போக வைத்தார்களாம். அக்கரையில் கால் வைத்ததும் பாஸ்போர்ட் போய்விட்டது. அமெரிக்க நேரத்துக்கு வேலை. விடிய விடிய ஒரு பெண்ணின் படத்தை வைத்துக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் காதல் பேச வேண்டும், அப்புறம் அவர்களைக் கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். டார்கெட் முடிக்காவிட்டால் அடி, கரண்ட் ஷாக். நடுவில் ஒரு கம்பெனி அவனை இன்னொரு கம்பெனிக்கு விற்றும்விட்டது.

சாதமும் ரசமும் கொண்டுபோயிருந்தேன். தட்டை முன்னால் வைத்ததும், "எத்தனை நிமிஷம் இருக்கு அக்கா?" என்று கேட்டான். நேரம் எல்லாம் இல்லை, மெதுவாகச் சாப்பிடு என்றேன். அப்படியும் அள்ளி அள்ளி விழுங்கினான். என் போனில் மெசேஜ் சத்தம் கேட்டால் போதும், அவன் விரல்கள் மேஜை மேல் டைப் அடிப்பது போல அசையும். அது அவனுக்கே தெரியவில்லை.

அடிபட்டதை அவன் அதிகம் பேசவில்லை. புருஷனை இழந்த ஒரு வயதான அம்மா வீட்டை விற்றுப் பணம் அனுப்பினாராம். "அவங்ககிட்ட பேசினது நான்தான் அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மறுநாள் போதகர் ஐயா வந்தார். பிரசங்கம் எதுவும் இல்லை. அவனை அனுப்பிய ஏஜென்ட் சொந்த மாமா மகன் என்று தெரிந்ததும், யோசேப்பை அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற கதையைச் சொன்னார். "விற்றவன் கணக்கை நீ சுமக்காதே தம்பி. அந்த அம்மாவுக்காக நாம ரெண்டு பேரும் வேண்டிக்குவோம்" என்றார். அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

அவன் முருக பக்தன். விபூதி கேட்டான். என் வீட்டுக்காரர் அனோரதா சாலைக் காளி கோயிலுக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தார். சபையில் சிலருக்கு இதில் வருத்தம். செய்தது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். இத்தனை நாள் மிரட்டலுக்குப் பயந்து வாய் திறந்தவனிடம், சோறு போட்ட கையோடு "இயேசுவை ஏற்றுக்கொள்கிறாயா" என்று கேட்டால், அவன் ஆம் என்றுதான் சொல்வான். அந்த ஆம் யாருக்கு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாட்சி சொல்ல வையுங்கள் என்றும் கேட்டார்கள். ஐயா கண்டிப்பாக மறுத்துவிட்டார். போட்டோவும் கூடாது என்றார். ஏஜென்ட்டின் குடும்பம் அவன் தெருவிலேயே இருக்கிறது.

தட்டோன் மூப்பர்:

சகோதரி சொன்னது முழுக்கச் சரி. மியாவாடிக்குப் போகிற ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, அதனால் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் புறப்படுகிறவர்களை. 2024 பிப்ரவரியில் மியான்மர் ராணுவ அரசு கட்டாய ராணுவச் சட்டத்தை அமலாக்கியதிலிருந்து வயசுப் பிள்ளைகள் எந்த வழி கிடைத்தாலும் கிளம்பிவிடுகிறார்கள். ஏஜென்ட்டுகளுக்குக் கொண்டாட்டம். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இந்த மோசடிக் கூடங்களில் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-லேயே சொல்லிவிட்டது.

பயண ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பேப்பரைக் கேட்கிறேன். கம்பெனி பெயர், விசா, அங்கே வந்து அழைத்துப் போகிறவர் யார், எல்லாம் கேட்பேன். கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும், தங்க இடமும் சாப்பாடும் ஃப்ரீ, ஆனால் விசா பேச்சே இல்லை என்று ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் அம்மாவை உட்கார வைத்துப் பேசினேன். பிள்ளை போகவில்லை. ஏஜென்ட் என் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். போடட்டும்.

மிச்சினாவில் ஊழியம் செய்த சிஸ்டர்:

எல்லாரும் மியாவாடியையே பேசுவதால் இதையும் எழுதுகிறேன். மிச்சினா இருக்கும் வட மியான்மரில் கச்சின் இனப் பெண்களைச் சீனாவுக்கு மணப்பெண்ணாக விற்பது எவ்வளவோ நாளாக நடக்கிறது. 2011-இல் ராணுவத்துக்கும் கச்சின் படைக்கும் சண்டை மறுபடி மூண்டபின் முகாம்களில் தங்கிய குடும்பங்களுக்கு வருமானமே இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் முன்பு இருந்த ஒற்றைக் குழந்தைச் சட்டத்தால் பெண்கள் குறைவு. சமையல் வேலை, கரும்பு வெட்டு என்று கூட்டிப் போவார்கள். கூட்டிப் போகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், சில சமயம் சொந்தக்காரரே.

திரும்பி வந்த ஒரு பெண் எங்கள் தையல் வகுப்புக்கு வந்தாள். பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் அவளால் தப்ப முடிந்தது. அவள் தைத்த சட்டை எல்லாம் ஒரே அளவு, மூன்று வயதுப் பையனுக்கானது. வேறு அளவு தைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணி தீர்ந்தால் வாங்கிக் கொடுத்தோம், சட்டைகள் முகாம் பிள்ளைகளுக்குப் போயின. அங்கே முகாம்களைத் தாங்கி நிற்பதில் கச்சின் பாப்டிஸ்ட் சபைக்குப் பெரிய பங்கு உண்டு. கத்தோலிக்கர் நாங்களும் அவர்களோடு சேர்ந்துதான் வேலை செய்தோம்.

ரங்கூன் சகோதரி:

சிஸ்டர், அந்தப் பெண்ணுக்காக இன்று ஜெபத்தில் நினைக்கிறோம். அந்தப் பையன் என்ன ஆனான் என்று இரண்டு பேர் கேட்டீர்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது பெரிய தொல்லை கடன்தான். ஏஜென்ட்டுக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய பணம், வட்டிக்காரர் தினமும் வீட்டுக்கு வருகிறார். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் இந்தியா திரும்பிய 549 பேரிலும் இப்படிக் கடனோடு போனவர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் இலவசமாக வழக்குப் பேசும் வக்கீல் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அவன் எந்த ஊர், என்ன பெயர் என்பதை இங்கே யாரும் கேட்க வேண்டாம்.