துப்பாக்கி சுடும் தளத்தில் காத்திருப்பு: என் கணக்கு எங்கே தவறுகிறது?

தெம்பனிஸ்வாசி:
சிங்கப்பூரில் தேசியச் சேவையாளர்களுக்கான, அதாவது கட்டாய இராணுவச் சேவையை முடித்தவர்களுக்கான, ஆண்டுப் பயிற்சி. எங்கள் இராணுவக் கம்பெனியில் 120 பேர், சுடும் தடங்கள் 16. தடத்துக்கு ஒருவராக 16 பேர் கொண்ட ஓர் அணி சுட்டு முடிக்க 15 நிமிடம். 8 அணிகளுக்கு 2 மணி நேரம். பைத்தான் நிரல்மொழியில், வரிசைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் சிம்பை நூலகத்தை வைத்து நான் எழுதிய நிரலும் அதையேதான் சொன்னது. போன முறையோ நாலரை மணி நேரம் இழுத்துவிட்டது. அட்டவணை போட்டவன் நான். கடைசி அணியில் ஒருவர், பத்து நாள் குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர், சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தபோது தலைக்கவசப் பட்டை அழுத்தித் தாடையில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அன்று அவர் குறி தவறியது இன்னும் மனத்தை உறுத்துகிறது. எதைக் கணக்கில் விட்டேன்?

வரிசைக்கணக்கு:
15 என்பது சராசரி. ஆனால் 16 பேரில் கடைசி ஆள் முடிக்கும்வரை அணி நகராதே! 50 பேரில் ஒருவருக்குத் துப்பாக்கியில் தோட்டா சிக்கும் என்று வையுங்கள். ஓர் அணியில் ஒருவருக்காவது சிக்க ஏறக்குறைய 28 விழுக்காடு வாய்ப்பு. நான்கில் ஓர் அணியாவது தடைப்படும். ஒவ்வொருவரின் நேரத்தையும் தனியாகக் குறித்து, அந்த ஏற்ற இறக்கத்தோடு ஓட்டுங்கள். சுட்டபின் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பழைய சார்ஜண்ட்:
தம்பி, 120 பேரையும் எட்டு மணிக்கே தளத்தில் இறக்காதீர்கள். முதல் மூன்று அணி போதும். மற்றவர்களுக்கு முதலுதவி வகுப்பை அந்நேரத்துக்கு மாற்றுங்கள். நிரலைச் சோதிக்க, இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் காத்திருக்கும் நேரத்தையும் இணைக்கும் லிட்டில் விதி உதவும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கையில், தளத்தில் 60 பேர் இருந்து 2 நிமிடத்துக்கு ஒருவர் வெளியேறினால், ஒருவர் சராசரியாக 120 நிமிடம் அங்கே இருப்பார்.

தெம்பனிஸ்வாசி:
நன்றி அண்ணே. சரிபார்ப்பவர்கள் இருவர்தாம், நிரலில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. நேற்றிரவு சேர்த்து 1,000 முறை ஓட்டினேன். தடங்களை 20 ஆக்கியும் மொத்த நேரம் 10 நிமிடம்கூடக் குறையவில்லை. கூட்டம் அப்படியே சரிபார்ப்பு மேசைக்கு நகர்ந்தது. சரிபார்ப்பவர்களை மூவராக்கி, அணிகளையும் பிரித்து வரவழைத்தபோது சராசரிக் காத்திருப்பு 2 மணி நேரத்திலிருந்து 50 நிமிடமாக இறங்கியது. தோட்டா சிக்கும் நேரம் மட்டும் இன்னும் என் ஊகம்தான். அடுத்த மாதம் நிறுத்தற்கடிகாரத்தோடு போகிறேன்.